தலையோடு ஒரு கருவாடு

"தலையோட முழுக் கருவாடு! சோன்மி சந்தையில வாங்கினதை என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்" என்றார் எங்கள் சபையின் மல்சூன் மூப்பரம்மா.

"சூப்புக்கு இருக்கும்" என்றேன்.

"சூப்புக்குன்னா கிழிச்ச துண்டுதானே வாங்குவாங்க? தலையோட வாங்கினா அது செத்தவங்களுக்குப் படைக்கத்தான். கூடவே இலந்தைப் பழம், ஒரு பாட்டில் அரிசி மது. மூப்பரம்மா ஆகப்போறவ வாங்குற சாமானா இது?"

மறுநாள் சூசோக், அறுவடைப் பண்டிகை. கொரியாவில் ஊரே அன்று முன்னோருக்குப் படையல் போடும். கிறிஸ்தவர்களான எங்கள் சபையார் போடுவதில்லை.

அடுத்த ஞாயிறு சபையில் புது மூப்பரம்மாவுக்கு ஓட்டெடுப்பு. சோன்மியின் பெயர் மட்டும்தான் பட்டியலில். பதினெட்டு வருஷமாக ஞாயிறுதோறும் சபைச் சமையலறையில் இருநூறு பேருக்குச் சோறாக்குகிறவள். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், ஆனால் அந்தப் பொறுப்பின்மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும்.

"வண்டியில ஏறு. நீதான் சாட்சி" என்றார் மூப்பரம்மா.

வாங்கிப் பத்து நாள்தான் ஆன வண்டி. செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏற விட்டார்.

சோன்மி வீட்டு வாசலிலேயே எண்ணெய் வாசனை தூக்கியது. உள்ளே பூசணித் துண்டுகளை முட்டையில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் அவள் மாமனாரின் படம். படத்துக்கு முன்னால், தலையோடு, அந்தக் கருவாடு.

"என்ன சோன்மி இது?"

"மாமாவுக்குப் படையல், மூப்பரம்மா."

ஒளிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"நீ கும்பிடுவியா?"

"நான் கும்பிட மாட்டேன். அத்தை கும்பிடுவாங்க. நான் ஓரமா நின்னு ஜெபம் பண்ணிக்குவேன்."

"அவங்க வழக்கம்னா அவங்க சமைக்கட்டும். நீ எதுக்குச் செய்யணும்?"

"குளியலறையில வழுக்கி விழுந்து கை உடைஞ்சு கிடக்காங்களே. இவரும் கப்பல்ல இருக்கார். நாப்பது வருஷமா புருஷனுக்கு வெச்ச சாப்பாடு இந்த வருஷம் இல்லைன்னா தாங்குவாங்களா? அவங்களுக்குக் கைதான் வேணும். என் கையைக் குடுத்தேன்."

"நியாயமெல்லாம் நல்லாத்தான் பேசுற. ஞாயித்துக்கிழமை ஓட்டுக்கு முன்னாடி எழுந்திருச்சு சபையில சொல்லுவேன். சொல்லாம விட்டா எனக்குத்தான் பாவம்."

சோன்மி தலை குனிந்தாள். அடுப்பில் ஒரு துண்டு கருகியது. அவள் அதைத் திருப்பக்கூட இல்லை.

"சொல்லுங்க, மூப்பரம்மா" என்றாள் மெதுவாக.

உள்ளறையிலிருந்து மாமியார் வந்தார். ஒரு கையில் மாவுக்கட்டு.

"உங்க சபைக்காரங்களாம்மா? வெறுங்கையோட அனுப்பாதே. அந்த நீலத் தூக்குல இருக்கறதைக் குடு." எங்கள் பக்கம் திரும்பினார். "பயப்படாம சாப்பிடுங்க. அது படைக்கறதுக்கு இல்லை. இவ படைச்சதைச் சாப்பிட மாட்டாளேன்னு ஒவ்வொரு வருஷமும் முதல்லயே தனியா எடுத்து வெச்சிடுவேன்."

மூப்பரம்மா செருப்பை மாட்டினார்.

சோன்மி தூக்கோடு வண்டி வரை வந்தாள். புது வண்டியைப் பார்க்கணும் என்று மாமியாரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

பின் கதவைத் திறந்து சீட்டில் வைக்கப் போனாள் சோன்மி.

"ஐயையோ, சீட்ல வேணாம்! எண்ணெய் பட்டுரும். டிக்கியில வை" என்று மூப்பரம்மா சாவியை அழுத்தினார்.

டிக்கி தானாகவே மெல்ல மேலே எழும்பியது.

உள்ளே, நட்டநடுவில், தலையோடு ஒரு முழுக் கருவாடு. உடம்பெல்லாம் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. புது வண்டிக்குக் கண் படாமல் இருக்க ஊரில் எல்லாரும் போடுவது. சபைக்காரர்கள் மட்டும் போடக் கூடாதது.

மூப்பரம்மா முகம் மிளகாய்ப் பொடி மாதிரி சிவந்தது.

"அது... எங்க வீட்டுக்காரர்..."

"அடடே! எங்க படையலுக்கா கொண்டு வந்தீங்க?" என்றார் மாமியார். அவர் கண்ணில் குறும்பு மின்னியது.

"இல்லை அத்தை, அது சூப்புக்கு" என்றாள் சோன்மி. முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. தூக்கை அந்தக் கருவாட்டை மறைத்தாற்போல் வைத்து, டிக்கியை மூடினாள். "பார்த்து ஓட்டுங்க மூப்பரம்மா. உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கறேன்."



ஞாயிற்றுக்கிழமை. பாஸ்டர் ஓட்டுச் சீட்டுகளை எடுத்ததும் மூப்பரம்மா எழுந்து நின்றார். சோன்மி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சோன்மி வீட்டுல விக்கிரகம் இருக்குன்னு தேடிப் போனேன்" என்று ஆரம்பித்தார். "அது என் வண்டி டிக்கியில இருந்துச்சு. வீட்டுக்காரர்தான் போட்டார். எடுங்கன்னு நான் சொல்லலை, ஏன்னா எனக்கும் பயம். சோன்மி அதைப் பார்த்துட்டு, யார்கிட்டயும் சொல்லாம மூடிட்டா. அவ்வளவுதான் எனக்குச் சொல்லணும்."

உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் நிறையப் பேர் தங்கள் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஓட்டுகூடக் குறையாமல் சோன்மி ஜெயித்தாள்.

மறு ஞாயிறு சபையில் மதியச் சாப்பாட்டுக்குக் கருவாட்டு சூப். முதல் ஆளாக வரிசையில் நின்றவர் மல்சூன் மூப்பரம்மா.

சோன்மி கருவாடு வாங்கச் சந்தைக்கே போகவில்லையாம். காலையில் சபைச் சமையலறைக் கதவைத் திறந்தபோது வாசலில் பதினோரு முழுக் கருவாடு கிடந்ததாம், எல்லாம் தலையோடு. சிலதில் நூலைக்கூடக் கழற்றவில்லை.

அதில் ஒன்று நான் வைத்தது.