சுருதி ஏறிய சின்னக் குழல்

தேவாலயத்துப் பெரிய ஆர்கனை வாராவாரம் வானொலிக்காகப் பதிவு செய்தார்கள். இரைச்சல் விழக்கூடாது என்று அப்போது மின்விசிறிகளை நிறுத்திவிடுவார்கள். அந்த வெக்கையில் ஒரு தடவை ஆர்கனின் சின்னக் குழலுக்குச் சுருதி கொஞ்சம் ஏறிவிட்டது.

ஊரே கேட்டுச் சிரிக்கப்போகிறது என்று அது பதறிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, வாசலில் காவலாளியின் ரேடியோவில் நிகழ்ச்சி வந்தது, முடிந்தது.

“அண்ணே, என் சுருதி ஏறினது ரொம்ப அசிங்கமா இருந்துச்சா?” என்று பெரிய குழலிடம் கேட்டது.

“உன் சுருதியா? நடுவுல நான் புஸ்ஸுனு காத்து விட்டேனே, அது கேட்டுடுமோன்னு நான் செத்துக்கிட்டு இருந்தேன். வேற எதுவும் காதுல விழல. மைக்கைக் கேளு.”

மைக் நெளிந்தது. “எனக்கு ஒரு உறுமல் உண்டு. அது வந்துடுமோங்கிற பயத்துல நானும் எதையும் கவனிக்கல.”

“அப்பாடா!” என்றது சின்னக் குழல். மூன்றுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

வாசலில் காவலாளி, “அடடா, என்னமா வாசிச்சாங்க!” என்றபடி ரேடியோவை அணைத்தார்.

“அப்படியா வாசிச்சோம்?” என்றது பெரிய குழல்.