அண்ணனை எங்கே வைப்பது

அண்ணன் இரண்டு கிலோகூட இல்லை.

கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் மூடி போட்ட டப்பா ஒன்றை நீட்டினார்கள். கனக்கும் என்று நினைத்து இறுக்கிப் பிடித்தவளுக்குக் கை சட்டென்று மேலே போய்விட்டது.

சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் இந்த ஊர் ஆரஞ்சுத் தோப்புக்கு வேலைக்கு வந்தவன். ஒரு ஜூலை மதியம் வெயிலில் விழுந்தான். எழுந்திருக்கவில்லை. அருப்புக்கோட்டை வெயிலில் வளர்ந்தவனை ஸ்பெயின் வெயில் கொன்றது என்றால் ஊரில் யார் நம்புவார்கள்? இன்றுவரை பாதிப் பேர் நம்பவில்லை.

உடலைக் கொண்டுவர வீட்டில் வழியில்லை. இங்கே சுவரில் அடுக்கடுக்காகப் பொந்து விட்டுக் கட்டிய கல்லறை. அதில் ஒரு பொந்தில் வைத்து மூடினார்கள்.

அந்தப் பொந்துக்கு ஐந்து வருடத் தவணை. யாரும் வராவிட்டால் எலும்புகள் பொதுக் குழிக்குப் போகும் என்று கடிதம் வந்தது. போலந்தில் படிக்கிற தங்கைதான் பக்கத்தில் இருக்கிறாள் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். போலந்து ஸ்பெயினுக்குப் பக்கமாம்.

எரித்துக் கொடுங்கள் என்று எழுதியிருந்தாள். எரித்து வைத்திருந்தார்கள்.

பேருந்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவனை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினாள். மதியத் தூக்கத்துக்காகக் கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. இந்தத் தெருவில் நடந்திருப்பான், இந்தக் குழாயில் தண்ணீர் குடித்திருப்பான் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஊர் பார்க்க வந்த பெண் என்று நினைத்த பெரியவர் ஒருவர், தேவாலயம் திறந்துதான் இருக்கிறது, போ என்று கைகாட்டினார். சிரித்து வைத்தாள்.

பேருந்தில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

வலென்சியாவில் இறங்கும்போது இருட்டிவிட்டது. நகரத்துக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. மதுக்கடைகள் தெருவுக்கே மேஜைகளை இழுத்துப் போட்டிருந்தன.

விடுதி வாசல்வரை வந்துவிட்டாள். எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல்கட்டில் ஒன்று அவளுடையது. காலையில் விமானம்.

பெரியப்பா நேற்றே போனில் சொல்லியிருந்தார்.

"ஆளுக படுக்கிற எடத்துக்குள்ள கொண்டு போயிராத. வெளிய ஒரு மரத்துல கட்டு. விடிஞ்சு எடுத்துக்கிரலாம்."

ஊரில் அப்படித்தான். அஸ்தி வீட்டுக்குள் வராது. கரைக்கும்வரை வெளியே மரத்தில்தான் தொங்கும்.

அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. விலக்கான நாளில் வேண்டுமென்றே கோயிலுக்குப் போய் நின்றவள். ஆனாலும் வாசற்படியில் கால் எழவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு ஒருத்தி படியிறங்கி வந்தாள். இவர்கள் தூங்கும் அறைக்குள், இவர்களுக்குத் தெரியாமல், செத்தவனை எப்படிக் கொண்டுபோவது?

செத்தவன் என்று நினைத்ததற்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

திரும்பி நடந்தாள்.

சதுக்கத்தில் ஆரஞ்சு மரங்கள். வேறு மரம் பேருக்குக்கூட இல்லை.

"மன்னிச்சிரு அண்ணே" என்று சொல்லித்தான் பையைக் கிளையில் மாட்டினாள்.

கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். சுற்றிலும் பாட்டு, பீர், ஆட்டம். கல்யாணம் ஆகப்போகிற ஒருவனுக்குப் பாவாடை கட்டிவிட்டு நண்பர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அவனுக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். அண்ணன் செத்த வயது. அப்போதுதான் அழுகை வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

பத்து மணிக்கு அம்மா அழைத்தாள். ஊரில் அப்போது மணி இரண்டரை. கடிதம் வந்த நாளிலிருந்து இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத அம்மா.

பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, பத்தடி நடந்து, சந்து முனையில் சுவரைப் பார்த்து நின்றாள்.

"எங்க தாயி வச்சிருக்க அவன?"

"மரத்துலம்மா."



"பெரியப்பா சொல்றதச் சொல்லட்டும். அஞ்சு வருசம் எம்புள்ள யாருமில்லாமக் கெடந்துட்டான். இன்னிக்கு ஒரு ராவுக்காச்சும் உள்ள கூட்டிட்டுப் போ. ஒம்பக்கத்துல படுக்கப் போட்டுக்க."

இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல்தான் இவ்வளவு நேரம் தெருவில் உட்கார்ந்திருந்தோம் என்று தோன்றியது. எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது!

"சரிம்மா, இந்தா" என்று திரும்பினாள்.

கிளையில் பை இல்லை.

வேறு மரமோ என்று அடுத்த மரத்தைப் பார்த்தாள். அதற்கடுத்த மரத்தைப் பார்த்தாள். அவளுடைய பெஞ்சில் ஒரு ஜோடி உட்கார்ந்து முத்தமிட்டுக்கொண்டிருந்தது. சதுக்கம் முழுக்க முதுகுகள். முதுகுகளில் பைகள்.

ஓடினாள்.

"கூட்டிட்டுப் போறியா தாயி? என்ன இப்பிடி மூச்சு வாங்குது?"

"மாடிப்படிம்மா" என்றாள்.

"படுக்க வச்சிட்டியா?"

ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அது அவள் பை இல்லை. இன்னொருவனைத் திருப்பினாள்.

"வச்சிட்டேம்மா. பக்கத்துலதான் இருக்கான்."