பேஸ் வராத பெட்டி

நான்காவது முறையாகப் பின்பலகையின் திருகுகளைக் கழற்றினார் பாம்புச்செவி.

ஸ்பீக்கர் பெட்டியில் பேஸ், அந்த அடிக்கனத்த சத்தம், வரவில்லை.

ஆறு மணிக்கு அரங்கத்து முதலாளி வருகிறார். கேட்டுப் பிடித்துப்போனால் அவருடைய புது அரங்கம் முழுவதற்கும் இவர் செய்யும் பெட்டிதான். பிடிக்காவிட்டால், அடுத்த தெருவில் கம்பெனிப் பெட்டி விற்கிறவன் பல்லைக் காட்டிக்கொண்டு தயாராக நிற்கிறான்.

மணி இப்போது நாலரை.

இவருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. மற்றவர்கள் மீட்டர் வைத்துப் பார்ப்பதை, தலையைச் சாய்த்துக் கேட்டே சொல்லிவிடுவார். மீட்டரோடு வருகிறவனை, விரல்விட்டு எண்ணிக் கூட்டுகிற வியாபாரியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

பெட்டிக்குள் ஒன்பது அடிச் சுரங்கம், குடல்போல மூன்றாக மடிந்து கிடந்தது. ஸ்பீக்கரின் முதுகிலிருந்து கிளம்பும் சத்தம் அவ்வளவு தூரமும் நடந்து, கீழ்வாய் வழியாகக் கனத்து வெளியே வர வேண்டும். வழியெல்லாம் கம்பளிப் பஞ்சு.

பஞ்சு அதிகமோ என்று ஒரு பிடி எடுத்தார். குறைவோ என்று இரண்டு பிடி வைத்தார்.

மூடினார். பேஸை மட்டும் தனியாகக் கேட்கலாமென்று சின்ன ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயரைத் திருகினார்.

ம்ஹூம்.

இன்னும் கொஞ்சம் திருகினார். அலமாரிக் கண்ணாடி கிலுகிலுத்தது. பலகையில் கை வைத்தால் பெட்டிக்கு உடம்பெல்லாம் நடுக்கம்.

நடுங்குகிற பெட்டி சத்தத்தைத் தின்றுவிடும். ஊருக்கெல்லாம் இவர் சொல்லிக்கொடுத்த பாடம். மறுபடியும் திறந்து, உள்ளே இரண்டு கட்டைகளை முட்டுக்கொடுத்து முடுக்கினார்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, இவரை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போகிறான், கொடுத்துவைத்த மகராசன்.

மிச்சமிருந்தது, சத்தத்தைப் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவர். அதில் பெரிய ஸ்பீக்கருக்கு பேஸை மட்டும் விடுகிற வேலை காயிலுடையது. அந்தக் காயிலைச் சுற்றிக் கொடுத்தவன் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

“ஏம்ப்பா, யார் தலையில மிளகாய் அரைக்கிறே? ஒரு பொட்டு பேஸ் வரல. என்னத்தச் சுத்திக் குடுத்தே?”

“காயில் சுத்தத் தெரியும்ணே. உங்க காதுல பூ சுத்த எவனால முடியும்? இருங்க, மீட்டரோட வரேன்.”

மீட்டராம்.

மறுபடி போட்டு, குமிழைக் கடைசிவரை முடுக்கினார். சுவரோரம் நின்று கேட்டார். மூலையில் குந்திக் கேட்டார். கீழ்வாயின் முன்னால் மண்டியிட்டுக் காதை வைத்தார். உள்ளேயிருந்து காற்று வந்து காதோர முடியை அசைத்தது.

காற்று மட்டும்தான்.

மேலே மின்விசிறி கிறீச்சிடுவது துல்லியமாகக் கேட்டது. தெருவில் போன சைக்கிளின் மணி கேட்டது.

காயில்காரன் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. கக்கத்தில் மீட்டர், ஒரு கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“குறைங்கண்ணே, கும்பிட்டுக் கேக்கறேன்! தெருமுனையில வரும்போதே நெஞ்சுக்கூட்டுல இடிக்குது. இதையா பேஸ் வரலன்னீங்க?”

பாம்புச்செவி பெட்டியைப் பார்த்தார். ஸ்பீக்கரின் கறுப்புக் கூம்பு விரல்கடை தூரம் வெளியே வந்து, உள்ளே போய், வெளியே வந்துகொண்டிருந்தது.

மேலே மின்விசிறி கிறீச்சிட்டது.

“சும்மா சொன்னேன்ப்பா. நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான்” என்றார்.

குமிழைப் பிடித்து மெல்லக் குறைத்தார். எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை.

காயில்காரனின் முகத்தையே பார்த்தபடி திருகினார். அவன் கை நெஞ்சிலிருந்து இறங்கியதும் நிறுத்தினார்.