நாற்பத்தைந்தாம் நாள் சாறு

காகிதக் கோப்பையை வாயில் வைத்ததுமே தேவயானிக்குத் தெரிந்துவிட்டது. இது அவள் பிழிந்த சாறு.

இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. நாக்கின் ஓரத்தில் மாங்காய் இஞ்சி நின்றது. கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணி வரைக்கும் கரும்புச்சாற்றில் மாங்காய் இஞ்சி போடுகிறவள் அவள் ஒருத்திதான்.

மேடையில் கம்பெனி மேலாளர் அசோக்குமார் பாட்டிலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தஞ்சு நாள் ஆன சாறு மேடம். நிறம் மாறல. புளிக்கல."

மதிப்பீட்டுக் குழுவில் தலைவியோடு சேர்த்து நான்கு பேர். நான்கு பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

திருத்தணி மலையடிவாரத்தில் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த கட்டடம் அது. முன்னால் கூடம், பின்னால் பாட்டில்கள் அடுக்கிய கிடங்கு. கரும்புச்சாற்றைக் கெடாமல் பாட்டிலில் அடைக்கிற திட்டத்துக்கு அரசு மானியம் கொடுத்திருந்தது. ஆராய்ச்சி ஒரு கல்லூரியுடையது, தொழில் பங்குதாரர் இந்தக் கம்பெனி. இன்றைக்குக் குழு சரி என்று எழுதிவிட்டால் இரண்டாம் தவணை வந்துவிடும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற கூட்டத்துக்கு பாட்டில்கள் விற்பனைக்குப் போகும். மேடையில் பேசியதிலிருந்து தேவயானிக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

அவளை வரச் சொன்னது சௌமியா. கல்லூரியில் இந்தத் திட்டத்துக்கு உதவியாளர். கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் தேவயானியின் கடைக்கு வந்து, ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் பேசாமல் போகிற பெண். நேற்று வந்து, கூட்டத்துக்கு வருகிறவர்கள் குடிக்க இருபது லிட்டர் வேண்டும் என்றாள். எப்போதும் போடுகிற மாதிரியே போடச் சொன்னாள்.

காலையில் ஏழு மணிக்குப் பிழிந்து, ஐஸ் போட்ட இரண்டு கேன்களில் தேவயானி ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தாள். இறக்கிவிட்டுக் கிளம்பியவளை சௌமியாதான் உள்ளே கூட்டிவந்து இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தாள். பாட்டில் சாறு என்று எல்லோருக்கும் கொடுத்த இந்தக் கோப்பையையும் அவள்தான் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

தேவயானிக்குக் காது மடல் சூடாகியது.

பதினொரு வருஷமாக முந்தின நாள் கரும்பைக்கூட அவள் இயந்திரத்தில் விட்டதில்லை. கறுத்துப்போன சாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கால்வாயில் கொட்டுகிறவள். அவள் சாற்றை, பிழிந்து நாலு மணி நேரம் ஆகாத சாற்றை, நாற்பத்தைந்து நாள் பழசு என்கிறான் மேடையில் நிற்கிறவன். இங்கே இவர்கள் குடிப்பது ஒன்று. விரதத்தோடு வெயிலில் படியேறி வருகிறவன் காசு கொடுத்துக் குடிக்கப்போவது வேறொன்று.

எழுந்து நின்றாள்.

"மேடம், இது நான் காத்தால புழிஞ்ச சாறு. இன்னும் மத்தியானம்கூட ஆவல."

அசோக்குமார் சிரித்தார்.

"அந்தம்மா ரோட்டோரம் ஜூஸ் கடை வச்சிருக்காங்க மேடம். பாட்டில் வந்துட்டா பொழப்பு போயிடும்னு பயப்படறாங்க."

பின்வரிசைகளில் பலர் சிரித்தார்கள்.

தேவயானி உட்காரவில்லை. நேராக முன்னால் போய்த் தன் கோப்பையைக் குழுத் தலைவி முன்பு மேசையில் வைத்தாள்.

"பாட்டில் மேல ஒட்டிக்கீற காகிதத்துல மாங்கா இஞ்சின்னு எங்கயாவது எழுதிக்கீதா பாருங்க. அப்புறம் குடிச்சுப் பாருங்க."

தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கரும்புச்சாறு, எலுமிச்சை. வேறொன்றும் இல்லை. அவள் கோப்பையிலிருந்தும் தன் கோப்பையிலிருந்தும் ஒவ்வொரு வாய் குடித்தார். இரண்டிலும் மாங்காய் இஞ்சி இருந்தது. பிறகு கிடங்கைத் திறக்கச் சொன்னார்.

இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார் அசோக்குமார். அதற்குள் சௌமியா போய்ப் பூட்டைத் திறந்துவிட்டாள்.

யாரும் உள்ளே போக வேண்டியிருக்கவில்லை. வாசலிலேயே நாற்றம் அடித்தது. அடுக்கிய பெட்டிகளில் பாதிக்கு மேல் மூடி தெறித்து, நுரை வழிந்து காய்ந்திருந்தது. மிச்ச பாட்டில்கள் வயிறு உப்பி நின்றன. எல்லாம் கறுப்பு.

தலைவி படிவத்தை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டார். இரண்டாம் தவணை கிடையாது என்று அங்கேயே சொல்லிவிட்டார். அசோக்குமார் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் காருக்குப் போனார்.

தேவயானி வாசலில் தன் கேன்களுக்காகக் காத்திருந்தாள். சௌமியா அவற்றைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆங் அக்கா. பாட்டில் சாறு கெட்டுப்போவுதுன்னு ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன். வேலை வேணும்னா கம்முனு இருன்னுட்டாங்க."

தேவயானி ஒரு கேனின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"நல்ல சாறு எங்கயாவது வாங்கிகினு வான்னு கம்பெனில என்கிட்டதான் சொன்னாங்க அக்கா. இங்க திருத்தணியிலயே எட்டுக் கடை கீது. உங்களுக்குன்னா கோவம் வரும், சும்மா இருக்க மாட்டீங்கன்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

எலுமிச்சம்பழம் வாங்கிய கடையைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

தேவயானிக்கு அடங்கிக்கொண்டிருந்த கோபம் மறுபடி ஏறியது.

"அவங்கல்லாம் என்னப் பாத்து சிரிச்சாங்களே, அப்போ நீ எங்க இருந்த?"

"உங்க பின்னாலதான் அக்கா."

"பின்னால இருக்கத்தான் கூடம் பூரா ஆளு இருந்தாங்களே. பக்கத்துலதான் ஒருத்தரும் இல்ல."

கேன்களைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள்.