கம்பி வைத்த வாசல்

"மேஸ்திரி, மொதல்ல அந்தத் தூணோட முனையை உடைங்க."

"போர்டிகோவுக்கே அழகு இந்தச் சதுரத் தூண்தாம்மா!"

"அழகு நாசமாப் போகட்டும். முனையே இருக்கக் கூடாது, உருண்டையாக்குங்க."

படிகளில் வழுக்காத ரப்பர் விரிப்பு, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி என்று வீட்டுக்காரி அடுக்கிக்கொண்டே போனாள். தெருவை மறைத்த மரத் தட்டியை, மேஸ்திரியின் சம்மட்டியைப் பிடுங்கி அவளே நாலு அடியில் சாய்த்தாள்.

"வீட்ல வயசானவங்க இருக்காங்களாம்மா?"

"இல்ல."

"நடை பழகுற குழந்தை?"

"அதுவும் இல்ல. அவரும் நானும்தான்."

காசு இருக்கிறவர்களின் கிறுக்கு என்று மேஸ்திரி மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

கடைசி நாள் சாயங்காலம் அவர் கம்பிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, வெளியூரிலிருந்து கணவன் வந்து விறுவிறுவென்று உள்ளே போனான். தட்டுகள் உடைந்தன.

"யாரைக் கேட்டுடி வாசலை மாத்தின?"

கதவு படாரென்று திறந்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தவன், அவள் தலையைத் தூணில் மோதினான். பிறகு வழக்கம்போல முதுகில் உதைத்துப் படியில் தள்ளினான்.

முனையில்லாத தூணில் தலை வழுக்கி விலகியது. கால் விரிப்பில் ஊன்றியது. கை கம்பியை எட்டிப் பிடித்தது. இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அவள் விழவில்லை.

மறைக்கத் தட்டி இல்லை. ஓங்கிய காலோடு நின்றவனைத் தெருவே பார்த்தது.

உள்ளங்கையில் ஒட்டிய ஈரப் பெயிண்டைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

"கம்பி ஆடவே இல்ல, மேஸ்திரி. நல்ல வேலை."