மூலையில் ஒரு விரல்

"அப்படியே நில்லு கோதை, வெளிச்சம் நல்லா விழுது," என்றார் மாசிலாமணி. ஓய்வு பெற்றபின் இணையத்தில் புகைப்பட வகுப்பில் சேர்ந்திருந்தார். ஈரத் துண்டோடு கொடியருகே நின்ற பூங்கோதை, "முதல்ல லென்ஸ்லேருந்து விரலை எடுங்க. வாத்தியார் இன்னிக்கும் திட்டப்போறார்," என்று சிரித்தாள். அன்று மாலை அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

முதல் வருட நினைவுநாளுக்குப் படம் தேடினார்கள். அடையாள அட்டையில் அவர் யாரோபோல் இருந்தார். கைபேசியில் நானூறு படங்கள், எல்லாவற்றிலும் அவள்தான்.

"உனக்காவது ஒரு நல்ல படம் இருக்கட்டும்," என்று மகள் தேன்மொழி அந்தக் கடைசிப் படத்தைத் திருத்தும் செயலியில் போட்டாள். மேல்மூலையில் மங்கலாகத் தெரிந்த விரலைச் செயலி தானே வட்டமிட்டு, 'நீக்கவா?' என்று கேட்டது.

"தட்டும்மா, ஒரு நொடியில போயிரும்."

பூங்கோதை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அது உங்கப்பாடி," என்றாள்.

நினைவுநாளன்று அந்தப் படத்தையே சட்டமிட்டு வைத்தாள். உயிரோடிருப்பவள் படத்துக்கு மாலை போடக் கூடாது என்று தேன்மொழி தடுத்தாள். பூங்கோதை சந்தனத்தைக் குழைத்து, மேல்மூலையில் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள்.

படத்தின் நடுவே, அவள் கையிலிருந்த துண்டு இன்னும் ஈரமாகவே இருந்தது.