பிணத்துக்கு ஒரு சந்தேகம்

"இந்த லட்சணத்துல அழுதா, செத்தவளே எழுந்து வந்து அறைவா!" என்று பிணம் எழுந்து உட்கார்ந்தது. செத்தவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒத்திகைக்காகப் பிணமாகப் பாயில் படுத்திருந்தவள் அண்ணி; தையல் கடை வைத்திருப்பவள். எதிரே மண்டியிட்டிருந்தவள் நாத்தனார். வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. அடுப்படி வேலையும் அண்ணனின் இரண்டு வாண்டுகளும் போக மிச்ச நேரத்தில் நாடகம்.

இத்தனை வருஷமும் மேடையில் காபித் தட்டு தூக்கியே காலம் தள்ளியவளுக்கு இப்போதுதான் பெரிய வேஷம் கிடைத்திருந்தது. வில்லி வேஷம். கதைப்படி, அண்ணனிடம் இல்லாததும் பொல்லாததும் சொல்லி அண்ணியைத் துரத்திவிடுகிறவள். அண்ணி ஆற்றில் விழுந்து செத்ததும், பிணத்தின் முன்னால் குற்ற உணர்ச்சியில் குமுற வேண்டும். அங்கேதான் வண்டி மக்கர் செய்தது.

"நாளைக்கும் சரியா வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்னு டைரக்டர் சொல்லிட்டாரு அண்ணி. மறுபடியும் தட்டுதான் தூக்கணும்."

"துரத்துற சீன்ல மட்டும் என்னமா கத்துறே! இங்க ஏன் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி மூக்கை உறிஞ்சறே?"

"நான் யாருக்கு என்ன துரோகம் பண்ணியிருக்கேன்? எங்கேர்ந்து வரும்?"

"அதுவும் சரிதான். தள்ளு, நீ படு. நான் செஞ்சு காட்டறேன். பிணம் கண்ணைத் திறக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது."

"வசனம் தெரியுமா உங்களுக்கு?"

"வசனம் கிடக்கட்டும். நான் சொந்தமாப் பேசறேன். நீ உணர்ச்சியை மட்டும் பிடிச்சுக்கோ."

நாத்தனார் கண்ணை மூடிப் படுத்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சுடும்மா..." அண்ணியின் குரல் கரகரத்தது. "பாவி நான். உனக்குத் துரோகம் பண்ணிட்டு, உன் கையாலயே வாங்கிச் சாப்பிட்டேன். நீ சிரிச்சுப் பேசும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்க்க முடியாம வேற பக்கம் திரும்பிக்குவேன்."

அடேயப்பா, அண்ணிக்குள் இப்படி ஒரு நடிகையா! பிணத்துக்குப் புல்லரித்தது.

"உன்னைக் கட்டிக்கிறேன்னு அவரு வீடு தேடி வந்தாரு. தங்கமான மனுஷன். உனக்கு இஷ்டமில்லைன்னு பொய் சொல்லி, நான்தான் வாசலோட அனுப்பிட்டேன். நீ போயிட்டா புள்ளைங்களை யாரு பார்ப்பா, நான் எப்படிக் கடைக்குப் போவேன்னு சுயநலம்... உன் வாழ்க்கையையே கெடுத்துட்டேனே!"

சூடாக ஒரு சொட்டு நாத்தனாரின் கையில் விழுந்தது.

"அசத்திட்டீங்க அண்ணி! நாளைக்கு அப்படியே செஞ்சுடறேன், வேஷம் எனக்குத்தான்!" கண்ணைத் திறக்காமலே பிணம் கைதட்டியது. "ஒரே ஒரு சந்தேகம். செத்துக் கிடக்கிறது கல்யாணமான அண்ணியாச்சே, அவளைக் கட்டிக்கிறேன்னு எவன் வந்தான்?"

அண்ணியின் அழுகை இன்னும் கூடியது.